மெக்காவும் கண்ணாடி மண்டபமும்

கட்டிடக் கலையைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் கிடையாது. காலேஜில் இரண்டு வருஷம் இருந்து, இண்டர்மீடியட்டோடு படிப்பை முடித்துக்கொண்டு வந்தவன் நான். கணக்கும் எனக்கும் ஆகாது. ஆனால் நாவல் எழுதுகிறவன் வாழ்நாள் முழுவதும் வீடு கட்டிக்கொண்டேதான் இருக்கிறான். மருமகள் அழுவதற்கு ஓர் அறை வேண்டும். அவள் அழுவது காதில் விழுவதற்குப் பக்கத்திலேயே மாமியாருக்கு ஒரு சமையலறை வேண்டும். மாடிப்படி கூடத்தில் இறங்குகிறதா, கொல்லையில் இறங்குகிறதா என்று தெரியாமல் ஒரு சண்டையைக்கூட எழுத முடியாது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "அடித்துத் தள்ளுங்கள். எது இல்லாமல் கதை நிற்குமோ அதையெல்லாம் அடித்துத் தள்ளுங்கள்." இதை நான் பெருமையோடுதான் சொல்லி வந்தேன். சென்ற வருஷம் சிகாகோ போய் வந்த பிறகு இதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. ஏன் தயங்குகிறது என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகவும் இந்தக் கட்டுரை.

என் அக்காள் மகன் அங்கே இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கிறான். கம்ப்யூட்டர் படிப்பு. ஊரிலிருந்து யார் போனாலும் அவன் ஏரிக்கரையையும் வானளாவிய மாளிகைகளையும் காட்டி அனுப்பிவிடுவான். நான் அவன் படிக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றதும் அவனுக்கு ஏமாற்றம்.

"ரொம்ப எதிர்பார்க்காதீங்க மாமா. பாக்கறதுக்கு ஃபாக்டரி மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்டா. நீ கூட்டிக்கிட்டுப் போ."

அவன் சொன்னதில் தவறில்லை. தூண்கள் மேல் ஓடும் ரயிலில் போய் முப்பத்தைந்தாம் தெரு ஸ்டேஷனில் இறங்கினோம். சர்வகலாசாலை என்றால் நம் மனத்தில் எழும் கோபுரம், மணிக்கூண்டு, வளைவு, கொடி ஏறிய சுவர் ஒன்றும் அங்கே இல்லை. வாசல் என்று ஒன்றுகூட இல்லை. மங்கிய மஞ்சள் செங்கல், கறுப்புச் சாயம் அடித்த எஃகு, கண்ணாடி, இந்த மூன்றையும் கொண்டு கட்டிய தாழ்ந்த பெட்டிகள். ஒரு பெட்டிக்கு அப்பால் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் இன்னொரு பெட்டி. அவற்றிடையே மெல்லிய இலை கொண்ட மரங்கள். அந்த மரங்கள் மட்டும் இல்லாவிட்டால் நான் அடுத்த ரயிலிலேயே திரும்பியிருப்பேன். மரங்களுக்கு யோசனை சொன்னவர் ஆல்ஃப்ரெட் கால்ட்வெல் என்ற தோட்டக் கலைஞர். அவருக்கு என் நமஸ்காரம்.

பெட்டிகளை வரைந்தவர் மீஸ் வான் டெர் ரோஹ என்ற ஜெர்மானியர். ஆகன் நகரத்தில் கல்தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். கட்டிடக் கலையில் பட்டம் கிட்டம் எதுவும் வாங்காதவர். (இதைப் படித்ததுமே எனக்கு அவர் மேல் ஒரு வாஞ்சை வந்துவிட்டது.) பௌஹௌஸ் என்ற பிரசித்தி பெற்ற கலைப் பள்ளியின் கடைசித் தலைவர். நாஜிகள் காலத்தில் 1933ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. 1938ல் இவர் சிகாகோவுக்கு வந்து, ஆர்மர் இன்ஸ்டிட்யூட்டில் கட்டிடக் கலைப் பகுதிக்குத் தலைவரானார். 1940ல் ஆர்மர், லூயிஸ் என்ற இரண்டு ஸ்தாபனங்கள் சேர்ந்துதான் இன்றைய நிறுவனம் உண்டாயிற்று. புதிய நிறுவனத்துக்குப் புதிய இருப்பிடம் வேண்டும். அதை மொத்தமாகத் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலை மீஸிடம் வந்தது. பூமி முழுவதையும் 24 அடிக் கட்டங்களாகப் பிரித்தார். நாம் சின்ன வயதில் கணக்கு நோட்டில் பார்த்த கட்டங்கள் மாதிரி. தூண்கள் அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நின்றன. சுவர்கள் அந்தக் கோடுகளின் வழியே போயின. வகுப்பறை, பரிசோதனைச் சாலை, நீராவிக் கூடம், கோயில் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம். ஏறக்குறைய இருபது கட்டிடங்கள் இப்படி எழுந்தன.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு மூலையில் நின்றேன். 1946ல் முடிந்த அலம்னி மெமோரியல் ஹால் என்ற கட்டிடத்தின் மூலை அது. கட்டிடக் கலை மாணவர்கள் அந்த மூலையைப் பார்க்கவென்றே வருகிறார்களாம். விஷயம் இதுதான். தீப்பிடித்தால் எஃகுத் தூண் சூட்டில் இளகி மடங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று மாடிக் கட்டிடங்களில் தூணைச் சுற்றிக் கான்கிரீட் பூசி மறைத்துவிட வேண்டும் என்பது சட்டம். தாங்குகிற எலும்பு உள்ளே மறைந்து போகிறது. மீஸ் என்ன செய்தார்? வெளியே, மூலையில், எஃகுத் தகட்டையும் கர்டரையும் தனியாக நிறுத்தி, "உள்ளே ஒரு தூண் இருக்கிறது, அது இந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்ல வைத்தார். ஆனால் இந்த வெளி எஃகு தரையைத் தொடுவதில்லை. இரண்டொரு வரிசைச் செங்கல்லுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. நானே பாரம் தாங்குகிறேன் என்று அது பொய் சொல்லக்கூடாது அல்லவா? தூணுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேனே தவிர நான் தூண் இல்லை என்று, தரைக்குச் சற்று மேலே நின்று ஒப்புக்கொள்கிறது.

சிரிக்காதீர்கள். ஒரு வாக்கியத்தில் முற்றுப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்று அரை நாள் தவித்தவர்களுக்கு இந்த மூலையின் அருமை தெரியும். நான் மருமகனைப் பக்கத்தில் நிறுத்தி இதை விளக்கினேன். "ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் போறேன், ஒருத்தரும் சொல்லலையே மாமா" என்றான்.

அங்கிருந்து க்ரௌன் ஹாலுக்குப் போனோம். 1956ல் திறந்தது. கட்டிடக் கலை மாணவர்கள் படிக்கும் இடம். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. கூரைக்கு மேலே நான்கு பெரிய எஃகுக் கர்டர்கள் தெரிகின்றன. அந்த நான்கிலிருந்துதான் கூரையே தொங்குகிறது. ஒரே மாடி என்பதால் எஃகை மறைக்க வேண்டியதில்லை. தாங்குகிற எலும்பு இங்கே கண்ணுக்கு நேராகவே நிற்கிறது. உள்ளே தூணே இல்லை. 220 அடி நீளம், 120 அடி அகலம், 18 அடி உயரம். மத்தியில் ஒரு தடுப்புச் சுவர்கூடக் கூரையைத் தொடவில்லை. நம் கல்யாண மண்டபங்களில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரு தூண் மாப்பிள்ளையை மறைக்குமே, அந்தத் தொந்தரவு இங்கே கிடையாது.

பளிங்கு போன்ற வெளிறிய கல்லில் சில படிகள், ஒரு மேடை, மறுபடி சில படிகள். ஏறி உள்ளே போனேன். மேலே இருக்கும் கண்ணாடிகள் தெளிவானவை. கீழ் வரிசை மட்டும் பால் நிறம். ஆகவே உட்கார்ந்து வேலை செய்பவனுக்குத் தெருவும் மனிதர்களும் தெரிவதில்லை, வானமும் மரத்தின் தலையும் மாத்திரம் தெரிகின்றன. மத்தியான வெயில் அந்தப் பால் கண்ணாடியில் பட்டு வடிகட்டி உள்ளே விழுந்தது. வெள்ளை வேஷ்டிக்குள்ளே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. முதல் வருஷப் பையனிலிருந்து கடைசி வருஷப் பெண் வரை எல்லோரும் ஒரே கூடத்தில், அவரவர் மேஜையில் குனிந்து அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் இரைந்து பேசவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. கோயிலில் வராத பக்தி இந்தக் கண்ணாடிப் பெட்டியில் வந்துவிட்டது என்று சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேண்டாததையெல்லாம் அடித்துத் தள்ளியவன் கடைசியில் எங்கே வந்து சேர்வான் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது என்று நினைத்தேன். அன்றே நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தேன்.

கீழே ஒரு அடித்தளமும் இருக்கிறது. கழிப்பறை, பட்டறை, சின்ன அறைகள் எல்லாம் அங்கே. மேலே உள்ள கூடத்தின் பரிசுத்தத்துக்குப் பொருந்தாதவை யாவும் பூமிக்குள் பாதி இறக்கப்பட்டிருக்கின்றன. இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டிலும் ஒரு கொல்லைப்புறம் உண்டே.

படி இறங்கி வரும்போது மருமகன் சாதாரணமாகச் சொன்னான்: "இங்க முன்னாடி ஒரு பெரிய அபார்ட்மென்ட் இருந்துச்சாம் மாமா. 2018ல இதுக்குப் பக்கத்துல தோண்டினப்ப அதோட தரை ஓடெல்லாம் கிடைச்சுது. கலர் கலரா."

அந்த ஓடுகளைப் பற்றிய ஆவலில்தான் பிற்பாடு நான் படிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கட்டிடத்துக்குப் பெயர் மெக்கா. புண்ணிய ஸ்தலத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை. 1893ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு வரும் கூட்டத்தை மனத்தில் வைத்து 1892ல் கட்டினார்கள். நாலு மாடி. தொண்ணூற்றுச் சொச்சம் குடித்தனங்கள். தெருப் பக்கம் ஒரு திறந்த முற்றம். உள்ளே, கண்ணாடிக் கூரை போட்ட இரண்டு பெரிய கூடங்கள். ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கூடத்தைச் சுற்றி இரும்புக் கிராதி போட்ட தாழ்வாரம். தாழ்வாரத்தில் வரிசையாக வீட்டு வாசல்கள். தரையில் அந்த வண்ண ஓடுகள். பணக்கார வெள்ளைக்காரர்கள் குடியிருந்த இடம்.

பிறகு அந்தப் பேட்டை மாறிற்று. தெற்கு மாகாணங்களின் கொடுமை தாங்காமல் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே வந்தார்கள். சிகாகோவில் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் குடியிருந்துவிட முடியாது. கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வீட்டுப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். அந்த மாதிரி நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமல் செய்யக்கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதே 1948ல்தான். அதுவரை ஊரின் தென்புறத்தில் ஒரு குறுகிய பட்டையில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. ப்ரான்ஸ்வில் என்று பெயர் பெற்ற அந்தப் பட்டையில்தான் பத்திரிகைகள், பாங்குகள், சங்கீதக் கொட்டகைகள் எல்லாம் தழைத்தன. மெக்கா அதன் நடுவில் நின்றது. 1912 வாக்கிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் அதில் குடியேறின. 1920களில் அதன் பெயரிலேயே ஒரு ஜாஸ் பாட்டுகூட வெளிவந்தது. வரவர வாடகை ஏறிற்று, குடித்தனங்கள் பிளந்தன, ஜனம் பெருகிற்று. நம் ஒண்டுக் குடித்தன வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம்.

நிறுவனம் அந்தக் கட்டிடத்தையும் விலைக்கு வாங்கி, இடித்துவிட்டு விஸ்தரிக்கத் தீர்மானித்தது. குடியிருந்தவர்கள் லேசில் போகவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் போராடினார்கள். 1943ல் அவர்களுக்குச் சாதகமாக மாகாணச் சட்டசபையில் ஒரு மசோதாவே நிறைவேறிற்று. கவர்னர் அதை நிராகரித்துவிட்டார். இடையில் கட்டிடம் நசித்துப் போயிற்று. இடிக்கப் போகிற வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரன் சுண்ணாம்பு அடிப்பான்? 1950 டிசம்பரில் ஹார்ப்பர்ஸ் என்ற பெரிய பத்திரிகை அதைச் சிகாகோவிலேயே மிக விசித்திரமான இடம் என்று தலைப்புக் கொடுத்து நீண்ட கட்டுரை வெளியிட்டது. 1952ஆம் வருஷ ஆரம்பத்தில் இடித்தார்கள். மீஸ் தம் வாழ்நாளில் கட்டிய ஒரே கோயில், அந்த வளாகத்தில் உள்ள சின்னச் செங்கல் கோயில், முடிந்ததும் அதே 1952ல்தான். நாலு வருஷம் கழித்து, மெக்கா இருந்த நிலத்தில் க்ரௌன் ஹால் திறந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு என் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

அவசரப்பட்டு ஒரு தீர்ப்பை எழுதிவிடலாம். அது சுலபம். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். நிலத்தை வாங்கியவரும் இடித்தவரும் மீஸ் இல்லை. அந்த நிறுவனம் வேறு நல்ல பேட்டை பார்த்து ஓடிப்போயிருக்கலாம்; ஓடவில்லை, அங்கேயே இருந்தது. அங்கே படித்துப் பிழைத்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். என் மருமகன் உட்பட. மெக்காவில் இருந்தவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஒழுகுகிற கூரையில் கவிதை காண்பது அதன் கீழே படுக்காதவனின் வேலை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மீஸின் திட்டத்தைக் காட்டுவதற்கென்று அந்தக் காலத்தில் தயாரித்த ஒரு படம் உண்டு. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் பேட்டையின் புகைப்படத்தில், நடுவிலே, புதிய வளாகத்தின் மாதிரியைப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கூரைகள், புகைக் கூண்டுகள், சந்துகள், கரி படிந்த கொல்லைகள். நடுவில் மாசு மறுவில்லாத வெள்ளைப் பெட்டிகள், வெறும் தரை. அழுக்குத் துணியில் ஒரு சதுரத்தை மட்டும் வெளுத்தாற்போல. ஒரு வீட்டின் நிழல்கூட அந்தச் சதுரத்துக்குள் விழவில்லை. அந்தப் படத்தைத் தயாரித்தபோது அந்தச் சதுரத்துக்குள் எத்தனை அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும்!

இங்கேதான் எனக்கு அந்த மூலை ஞாபகம் வந்தது. ஒரு தூணைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்று எஃகைத் தரைக்கு மேலேயே நிறுத்திய மனிதர். மறைந்து போன எலும்புக்கு வெளியே ஒரு சாட்சி வைத்தே தீர வேண்டும் என்று துடித்த மனிதர். தம் கட்டிடம் எப்படி நிற்கிறது என்பதில் அவருக்கு இருந்த அந்தப் பெரிய சத்தியம், அது எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வியில் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? 24 அடிக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. முன்னால் இருந்ததற்கு இடம் இல்லை. க்ரௌன் ஹாலில் கீழ்க் கண்ணாடியைப் பால் நிறமாக்கியது வெளிச்சத்துக்காக என்றுதான் நானும் ரசித்தேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், அங்கே உட்கார்ந்து வீடு கட்டப் படிக்கும் பிள்ளைக்கு வானம் தெரிகிறது, பக்கத்துத் தெரு தெரிவதில்லை என்பதும் உறுத்துகிறது. ஒருவேளை இது என் குறும்புப் புத்தியாகவும் இருக்கலாம். வெளிச்சம் என்னவோ அற்புதமான வெளிச்சம்தான்.

வளாகத்தோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தச் சுத்தமான சதுரம் சுற்றுப்புறத்துக்கெல்லாம் ஒரு முன்மாதிரி ஆகிவிட்டது. நெருக்கமாக இருந்ததை இடித்து, தெருக்களை மூடி, புல் விதைத்து, நடுநடுவே உயரமான கட்டிடங்களை நிறுத்துவது என்பது தென் சிகாகோவின் வைத்தியமாயிற்று. நிறுவனத்துக்கு நேர் தெற்கே 1958ல் ஸ்டேட்வே கார்டன்ஸ் என்று எட்டு கட்டிடங்கள். அதற்கும் தெற்கே, 1962ல் முடிந்த ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ்: 28 கட்டிடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி, இரண்டு மைலுக்கு ஒரே வரிசை. குடிசைகளை அகற்றி ஏழைகளுக்குச் சர்க்கார் கட்டிக்கொடுத்த வீடுகள். மேற்கே 1960களின் தொடக்கத்தில் திறந்த பெரிய மோட்டார்ச் சாலை ஓர் அகழி மாதிரி அந்த மக்களை மற்ற ஊரிலிருந்து வெட்டிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் அந்த மாடிகள் பயங்கரமான இடங்களாயின. லிஃப்ட் ஓடாது, போலீஸ் வராது. 2007க்குள் எல்லாவற்றையும் இடித்துத் தீர்த்துவிட்டார்கள். நான் தெற்கு நோக்கி நடந்து போனபோது சில இடங்களில் புது வீடுகள், சில இடங்களில் வெறும் புல். மெக்கா அறுபது வருஷம் நின்றது. அதற்கும் இதற்கும் வைத்தியமாக வந்த கட்டிடங்கள் ஐம்பது வருஷம் நிற்கவில்லை.

இதற்கு நவீன பாணியைத்தான் தூக்கில் போட வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அதை நான் ஒப்பமாட்டேன். மீஸே ஏரிக்கரையில் கட்டிய கண்ணாடி மாளிகைகளில் பணக்காரர்கள் இன்றும் சுகமாக இருக்கிறார்கள். அங்கே லிஃப்ட் ஓடுகிறது. பழுது பார்க்கப் பணமும், வாசலில் ஒரு காவலாளும் உள்ள இடத்தில் எந்தப் பாணியும் பிழைத்துவிடும். பாணியின் பாவம் இவ்வளவுதான்: வெறும் தரையிலிருந்து தொடங்கலாம் என்ற எண்ணத்துக்கு அது ஓர் அழகைக் கொடுத்துவிட்டது. அழகு சேர்ந்துவிட்டால் எந்த எண்ணத்துக்கும் தைரியம் வந்துவிடும்.

நிறுவனத்துக்குள்ளேயே பிற்காலத்தில் ஒருவர் இதைச் சற்று உணர்ந்திருக்கிறார். வகுப்புகள் ரயில் பாதைக்கு மேற்கே, விடுதிகள் கிழக்கே. நடுவே இரைச்சலோடு ரயில். அந்த ரயிலுக்கு அடியிலேயே மாணவர்கள் கூடும் இடம் ஒன்றை ரெம் கூல்ஹாஸ் என்ற டச்சுக்காரர் 2003ல் கட்டி முடித்தார். கட்டிடத்துக்கு மேலே ஓடும் ரயிலை 530 அடி நீளமுள்ள எஃகுக் குழாய்க்குள் அடைத்துச் சத்தத்தைக் குறைத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் காலி நிலத்தில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒற்றையடிப் பாதைகள் போட்டிருந்தார்கள். அந்தப் பாதைகளையே கட்டிடத்துக்குள் நடைகளாக வைத்துவிட்டார். எல்லாம் கோணல். 24 அடிக் கட்டத்தைப் பற்றி அந்தக் கால்களுக்கு ஒன்றும் தெரியாது. வாசல் கண்ணாடியில் மீஸின் முகத்தைப் பெரிதாகப் பதித்திருக்கிறார்கள். அந்த முகத்தைத் திறந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆரஞ்சு நிறக் கண்ணாடியும் சந்தடியுமாக உள்ளே கொஞ்சம் பொருட்காட்சி வாசனை. க்ரௌன் ஹாலின் கால் தூசுக்கு இது காணாது. ஆனாலும், நடந்தவர்களின் தடத்தைப் பார்த்துக் கட்டியது என்ற ஒன்றுக்காக அதன் பல குற்றங்களை மன்னித்துவிட்டேன்.

மெக்காவுக்குச் சாட்சி வைத்தது ஒரு கவிதை. க்வெண்டலின் ப்ரூக்ஸ், அமெரிக்காவின் புலிட்ஸர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினக் கவி, 1950ல் பெற்றார். இளம் பெண்ணாக இருந்தபோது, மெக்காவில் தாயத்தும் மருந்தும் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆசாமியிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர். 1968ல், கட்டிடம் போய்ப் பதினாறு வருஷம் ஆன பிறகு, அதன் பெயரிலேயே ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே மீஸின் பெயர் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு அங்கே வேலை இல்லை. வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு தாய் நாலு மாடி ஏறி வருகிறாள். குழந்தைகளுக்குச் சமைக்கிறாள். அப்போதுதான் கடைசிப் பெண்ணைக் காணோம் என்று தெரிகிறது. தாழ்வாரம் தாழ்வாரமாக, கதவு கதவாகத் தட்டுகிறாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு மனிதர், அவரவர் கவலை, அவரவர் கனவு, அவரவர் பைத்தியம். குழந்தையை யாரும் பார்க்கவில்லை. குழந்தை அந்தக் கட்டிடத்துக்குள்ளேயேதான் கிடக்கிறது, ஒருவன் கட்டிலுக்கடியில், உயிரில்லாமல்.

ப்ரூக்ஸ் மெக்காவை மெழுகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது, ஆனால் உதவ ஆளில்லை. அத்தனை பேர் அத்தனை நெருக்கத்தில் இருந்தும் ஒரு குழந்தை போனது தெரியவில்லை. இடித்தவர்கள் சொன்னதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இது. ஆயினும் அவர் ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் அந்தக் குற்றத்தைச் சொல்கிறார். எது இல்லாமல் கவிதை நிற்கும் என்று பார்த்து அடித்துத் தள்ளியிருந்தால் பாதிக் கதவுகள் அதில் இருந்திருக்காது. கதைக்கு அவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லையே! நானாக இருந்தால் நாலு கதவுகளோடு நிறுத்தியிருப்பேன், சிக்கனம் என்று மார் தட்டிக்கொண்டிருப்பேன். கவிதை கெட்டுப் போயிருக்கும்.

என் பழைய நாவல் ஒன்றில் ஒரு வண்டிக்காரனுக்காக மூன்று அத்தியாயம் எழுதி, பிறகு வேண்டாம் என்று கிழித்துவிட்டேன். கதாநாயகனை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவதுதான் அவன் வேலை. அதற்கு ஒரு வரி போதும் என்று தோன்றிற்று. அந்த நாவலைக் கச்சிதமானது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். சிகாகோவிலிருந்து வந்த பிறகு அந்த மூன்று அத்தியாயங்களை நினைவுகூர முயன்றேன். அவன் மனைவிக்குக் காசநோய் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தனியாக மறுபடியும் க்ரௌன் ஹாலுக்குப் போனேன். இருட்டினால் உள்ளேயிருந்து வெளிச்சம் வெளியே வருகிறது. பெட்டி முழுவதும் ஒரு லாந்தர் ஆகிவிடுகிறது. அதன் அழகு எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது, அது நடக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் இன்னும் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகன் என்னைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அந்த ஓட்டை எங்கயாவது வச்சிருக்காங்களாடா? பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"விசாரிச்சுச் சொல்றேன் மாமா. வாங்க, குளிருது" என்றான்.

நான் ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு படம் அனுப்பினான். நீலமும் செம்மண் நிறமுமாக ஏதோ ஒரு தரை. அது மெக்காவின் ஓடுதானா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.